நடுவானில் ஹெலிகாப்டர் பழுதானால் காப்பாற்றுவது பயிற்சியா, நம்பிக்கையா?

கேள்வி இது: "என் தம்பி கடற்படையில் ஹெலிகாப்டர் பிரிவுக்குப் போகிறான். அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. பறக்கும்போது இயந்திரம் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்களால் என்ன செய்ய முடியும்? தப்பிப் பிழைத்த படைவீரர்கள் பலரும் கடவுள்தான் காப்பாற்றினார் என்கிறார்களே, அது உண்மையா, அல்லது எல்லாம் பயிற்சிதானா?"

முதலில் உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். இயந்திரம் நின்றுவிட்டால் ஹெலிகாப்டர் கல்லைப் போல விழுந்துவிடாது. ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தை இல்லை இது. கடற்படையின் வான்பிரிவில் பல ஆண்டுகள் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். அந்த இயந்திரங்களைப் பிரித்து, துடைத்து, மீண்டும் பூட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சோதனைப் பறப்புக்கு விமானி கிளம்பும்போது அவருக்குப் பின்னால் நானும் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

தணக்கு மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வறண்ட மலைச்சரிவுகளில் வளரும். அதன் காய்க்கு இரண்டு நீண்ட இறக்கைகள் உண்டு. காம்பிலிருந்து கழன்றதும் நேரே விழாமல் சுழன்று சுழன்று மெதுவாக இறங்கும். காயை எந்த இயந்திரமும் சுற்றவில்லை. கீழிருந்து மேலே பாயும் காற்றே அதைச் சுற்றுகிறது. ஹெலிகாப்டரிலும் அதுதான் நடக்கிறது. இயந்திரம் நின்றதும், மேலே சுழலும் பெரிய இறக்கைகள் அதிலிருந்து தாமாகவே விடுபட்டுக்கொள்ளும்படி ஓர் அமைப்பு இருக்கிறது. மிதிப்பதை நிறுத்திய பிறகும் சைக்கிளின் பின்சக்கரம் உருண்டுகொண்டே இருக்கிறதே, அதே தத்துவம்தான். விமானி இடக்கையில் பிடித்திருக்கும் கலெக்டிவ் என்ற நெம்புகோலை உடனே கீழே அழுத்தினால் இறக்கைகளின் சாய்வு குறையும். இறங்க இறங்கக் கீழிருந்து வரும் காற்று அவற்றைச் சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு ஆட்டோரொட்டேஷன் என்று பெயர். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, கடைசியில் அதே நெம்புகோலை மேலே இழுத்து, இறக்கைகளில் சேர்ந்திருக்கும் சுழற்சி வேகத்தை ஒரே மூச்சில் செலவழித்து, மெத்தென்று அமர வேண்டும். அந்த இருப்பு ஒரு முறைக்குத்தான் வரும். சீக்கிரம் இழுத்துவிட்டால் ஹெலிகாப்டர் தரைக்கு மேலே தொங்கி, பிறகு தொப்பென்று விழும். தாமதித்தால் தரையில் மோதும்.

இதில் மிகக் கடினமான பகுதி முதல் நொடி. சிறிய ஹெலிகாப்டர்களில் நெம்புகோலைக் கீழே அழுத்துவதற்குக் கிடைக்கும் நேரம் ஒன்றிரண்டு நொடிதான். அதற்குள் அழுத்தாவிட்டால் இறக்கைகளின் சுழற்சி தளர்ந்துவிடும், பிறகு அதை மீட்க முடியாது. "என்ன சத்தம் அது?" என்று யோசித்து முடிப்பதற்குள் கை இறங்கியிருக்க வேண்டும். அதனால்தான் பயிற்சியின்போது ஆசிரியர் முன்னறிவிப்பில்லாமல் விசையைக் குறைப்பார். நூறு முறை, இருநூறு முறை. மாணவனின் கை அவன் மனத்தைக் கேட்காமல் இறங்கும் வரைக்கும் அது ஓயாது.

அந்த இரண்டு நொடியில் பிரார்த்தனைக்கு இடமில்லை. இப்படிச் சொல்வதால் நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன் என்று எண்ணிவிடாதீர்கள். பிரார்த்தனையின் இடம் எது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் என் நினைவு அந்த இரவுக்குத்தான் போகிறது.

1982 ஆம் ஆண்டு. தென் அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போரிட்டன. பிரிட்டன் தன் பெரிய சுமைதூக்கி ஹெலிகாப்டர்களான சினூக்குகளை அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பியது. மே 25 அன்று அர்ஜென்டினா விமானங்கள் ஏவிய எக்ஸோசெட் ஏவுகணைகள் அந்தக் கப்பலைத் தாக்கின. தீப்பற்றிய கப்பலில் 12 பேர் இறந்தார்கள். சினூக்குகள் மூன்று எரிந்து போயின. நான்காவது, அந்த நேரத்தில் வானத்தில் இருந்ததால் தப்பியது. அதன் குறியெழுத்துகள் பி, என். படைக்காரர்கள் வழக்கப்படி அதை 'பிராவோ நவம்பர்' என்று அழைத்தார்கள். இறங்கக் கப்பல் இல்லாமல் நின்ற அது ஹெர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் போய் இறங்கியது. அந்த ஹெர்மஸைத்தான் இந்தியா வாங்கி, 1987 இல் விராட் என்று பெயர் சூட்டிக் கடற்படையில் சேர்த்தது. அதன் தளத்தை மிதித்த எங்கள் தலைமுறைக்கு இந்தக் கதை அந்நிய நாட்டுக் கதை இல்லை.

ஹெலிகாப்டர் தப்பியது. ஆனால் அதன் உதிரிப் பாகங்களும் கருவிகளும் பராமரிப்புக் கையேடுகளும் கப்பலோடு போய்விட்டன. பராமரிப்புத் தொழில் தெரிந்தவனுக்கு அதைப் படிக்கும்போதே வயிற்றைப் பிசையும். கையேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, வரிக்கு வரி சரிபார்த்து, ஒவ்வொரு திருகாணிக்கும் எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முடுக்கிப் பழகியவர்கள் நாங்கள். ஒவ்வொரு ஸ்பேனரும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்காமல் எந்த ஹெலிகாப்டரையும் கிளப்ப விட மாட்டோம், ஏனென்றால் மறந்துவைத்த ஒரு கருவி கட்டுப்பாட்டுத் தண்டுகளுக்கிடையே சிக்கினால் போதும். அந்த மனிதர்களிடம் கையேடும் இல்லை, கருவிப்பெட்டியும் இல்லை. பிரிட்டிஷ் படைகள் கரையிறங்கிய சான் கார்லோஸ் பகுதியில், குளிரில், ஈரத்தில், குண்டுவீச்சுக்கு நடுவே, ஞாபகத்தையும் கைப்பழக்கத்தையும் வைத்து அந்த ஒரே சினூக்கைத் தொடர்ந்து பறக்க வைத்தார்கள். விமானிகள் அதில் ஏறினார்கள். நம்பிக்கை என்ற சொல்லை நான் முதலில் இங்கேதான் வைப்பேன்.

மே 30 இரவு, ஸ்குவாட்ரன் லீடர் டிக் லாங்வொர்த்தியும் ஃப்ளைட் லெப்டினன்ட் ஆண்டி லாலெஸும் அதை ஓட்டினார்கள். தீவுகளின் தலைநகரான ஸ்டான்லியை நோக்கியிருக்கும் கென்ட் மலைக்கு மூன்று 105 மில்லிமீட்டர் பீரங்கிகளைக் கொண்டுபோக வேண்டும். இரண்டு பீரங்கிகளும் 22 வீரர்களும் உள்ளே, மூன்றாவது பீரங்கி கீழே கயிற்றில் தொங்கியது. நிலவரம் சரியாகத் தெரியாத மலை. இரவுப் பார்வைக் கண்ணாடி அணிந்துகொண்டு, விளக்கில்லாமல் பறந்து, பீரங்கிகளை இறக்கிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் பனித்தூறல் அவர்களை மூடியது. உயரங்காட்டி சரியாகக் காட்டவில்லை. கீழே தண்ணீர், சுற்றிலும் வெண்பனி, அடிவானம் என்று ஒரு கோடே கிடையாது. மணிக்கு 100 கடல்மைல் வேகத்தில் சினூக் நீர்ப்பரப்பில் மோதியது. முன்கண்ணாடிக்கு மேலே அலை எழுந்து விழுந்தது. நீர் தெறித்து இயந்திரங்களுக்குள் போனதால் அவை திணறின. சுடப்பட்டுவிட்டோம் என்றே லாங்வொர்த்தி நினைத்தாராம். வெளியேற வேண்டியிருக்கும் என்று கருதி லாலெஸ் தன் பக்கத்துக் கதவைக் கழற்றி எறிந்தார்.

இந்த இடத்தில் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒருவர் வெளியேறத் தயாராகிறார். நெம்புகோல் இன்னும் மேலே இழுத்த நிலையிலேயே இருக்கிறது. இரண்டில் எது சரி என்று அந்தக் கணத்தில் யாருக்கும் தெரியாது. இரண்டுமே சரிதான். மூழ்கினால் கதவு திறந்திருக்க வேண்டும், மூழ்காவிட்டால் விசை குறைந்திருக்கக் கூடாது. வேகம் குறையக் குறைய முன்னால் எழுந்த அலை தாழ்ந்தது. இயந்திரங்கள் மூச்சுவிட்டு மீண்டும் முழு வேகம் எடுத்தன. தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்த தக்கை கையை விட்டதும் எழும்புவது போல அவ்வளவு பெரிய இரும்புப் பறவை நீரிலிருந்து எழுந்து மேலே ஏறத் தொடங்கியது.

கதவொன்று போய்விட்டது, உடற்பகுதி நசுங்கியிருந்தது, வானொலிக் கருவிகள் சேதமாகியிருந்தன. அவர்கள் திரும்ப வேண்டிய சான் கார்லோஸோ, ஒன்பது நாட்களாக எதிரி விமானங்களின் குண்டுகளைத் தாங்கி நிற்கும் இடம். அங்கே பிரிட்டனின் சொந்த ரேப்பியர் ஏவுகணைகள் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தன. வானொலி சரியில்லாத ஹெலிகாப்டர் ஒன்று இருட்டில் அந்தப் பக்கம் நெருங்குவது கடலில் மோதியதற்குக் கொஞ்சமும் குறையாத ஆபத்து. கீழே அந்த ஏவுகணையை ஏவும் விசைக்குப் பக்கத்தில் இருப்பவன் ஒரு கணம் பொறுப்பான் என்று நம்பித்தான் வர முடியும். வந்து சேர்ந்தார்கள்.

லாங்வொர்த்திக்குச் சிறப்பான பறத்தலுக்கான சிலுவை விருது கிடைத்தது. பிராவோ நவம்பர் அத்தோடு நிற்கவில்லை. ஜூன் 2 அன்று ஒரே தடவையில் 81 பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு பறந்தது. வழக்கமான கொள்ளளவைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு அது. பிறகு 2003 இல் இராக்கிலும், 2006 இலும் 2010 இலும் ஆப்கானிஸ்தானிலும் அதே ஹெலிகாப்டரை ஓட்டிய வேறு மூன்று விமானிகளுக்கு அதே விருது கிடைத்தது. 2010 இல் விமானியின் தலைக்கவசத்தில் குண்டு பட்டது, ஹெலிகாப்டரை நிலைப்படுத்தும் அமைப்பும் பழுதானது. ரத்தம் வழிய வழிய, காயமடைந்தவர்களோடு அதை முகாமுக்குக் கொண்டுவந்து சேர்த்தார் அவர். நான்கு விமானிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாக அதைப் பிரித்துப் பூட்டிய கைகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இரண்டாவதாக ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். இது கூட்டுவேலை என்றால் என்ன என்பதை இன்னும் நெருக்கமாகக் காட்டும்.

2004 நவம்பர் 12, இராக். பாக்தாத்துக்கு வடக்கே அமெரிக்காவின் இல்லினாய் தேசியக் காவல்படையைச் சேர்ந்த ஒரு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தது. விமானிகள் டான் மில்பர்க், டேமி டக்வொர்த். பின்னால் கிறிஸ் ஃபியர்ஸ், கர்ட் ஹானமன். கீழிருந்து வந்த ராக்கெட் குண்டு ஒன்று விமானி அறைக்குள், டக்வொர்த்தின் கால்மாட்டில் வெடித்தது. அவருடைய இரண்டு கால்களும் போயின. வலக்கை நொறுங்கியது.

கால்கள் போனது அவருக்குத் தெரியாது. ஹெலிகாப்டரின் வால்பக்கத்தைக் கட்டுப்படுத்தும் மிதிகட்டைகளை அவர் அழுத்திக்கொண்டே இருந்தாராம். ஏன் அசையவில்லை என்று புரியவில்லையாம். நினைவு தப்பும் வரை ஹெலிகாப்டரைத் தரையிறக்கும் வேலையைத் தான் செய்துகொண்டிருப்பதாகவே அவர் நினைத்திருக்கிறார். உண்மையில் அதைச் செய்துகொண்டிருந்தவர் மில்பர்க். இதை முதன்முதலாகப் படித்தபோது அன்று முழுவதும் எனக்கு வேறெந்த நினைப்பும் இல்லை. உடம்பு உடைந்த பிறகும் கடமை உடையாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்ய முயன்றிருக்கிறார்கள். எவர் கை நின்றாலும் மற்றவர் கை நிற்காது என்பதற்காகத்தானே இரண்டு இருக்கை வைத்திருக்கிறார்கள்.

மில்பர்க் ஒரு வெட்டவெளியில் அதை இறக்கினார். டக்வொர்த் இறந்துவிட்டார் என்றே எண்ணினார். ஆனாலும் உடலை விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சே இல்லை. கூடவே பறந்து வந்த துணை ஹெலிகாப்டர் பக்கத்தில் இறங்கியது. எதிரி எந்த நேரமும் வரலாம் என்ற நிலையில் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஃபியர்ஸுக்கும் காலில் பலத்த காயம். முதலில் அவரைப் பாருங்கள் என்று மருத்துவர்களிடம் டக்வொர்த்தைக் காட்டியவர் அவர். இறந்துவிட்டார் என்று நினைத்த உடலை அன்று அங்கே விட்டிருந்தால் டக்வொர்த் இல்லை. 2016 இல் அவர் அமெரிக்க செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 12 ஐத் தான் உயிரோடிருக்கும் நாளாகக் கொண்டாடுகிறார்.

இவை வெளிநாட்டு நிகழ்வுகள். நம் நாட்டிலும் உண்டு. 2023 மார்ச் 8 அன்று மும்பைக்கு அப்பால் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த நம் கடற்படையின் துருவ் ஹெலிகாப்டர் திடீரென்று விசை இழந்து உயரம் குறைந்தது. விமானி அதைக் கட்டுப்பாட்டை இழக்காமல் நீரில் இறக்கினார். உள்ளே இருந்த மூவரும் மீட்கப்பட்டார்கள். பிறகு துருவ் ஹெலிகாப்டர்களின் கட்டுப்பாட்டுத் தண்டுகளைப் பற்றிய ஆய்வு நடந்து, அலுமினியத் தண்டுகளுக்குப் பதிலாக எஃகுத் தண்டுகள் பொருத்தப்பட்டன. மூவர் உயிரோடு திரும்பியதால்தான், எந்த நொடியில் என்ன நடந்தது என்று அவர்கள் வாயாலேயே கேட்க முடிந்தது. பிழைத்து வருபவர்கள் அடுத்தவர்களுக்கும் உயிர் கொண்டுவருகிறார்கள்.

உங்கள் தம்பி கடலுக்கு மேலே பறக்கப்போகிறவன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டரின் இயந்திரமும் பல்சக்கரப் பெட்டியும் தலைக்கு மேலே இருப்பதால், நீரில் விழுந்தால் அது பெரும்பாலும் தலைகீழாகக் கவிழும். அதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது. ஹெலிகாப்டரின் உட்புறம் போன்ற ஒரு கூண்டில் இருக்கையோடு சேர்த்துக் கட்டி, குளத்தில் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். கொச்சியில் கடற்படைக்கு அப்படியொரு பயிற்சிக்கூடம் உண்டு. அங்கே சொல்லித்தருவது எளிமையானது. ஒரு கையால் சன்னல் விளிம்பையோ கதவுச் சட்டத்தையோ பற்றிக்கொள், கூண்டு புரண்டு நிற்கும் வரை பெல்ட்டைக் கழற்றாதே, பற்றிய கையை விடாமல் அந்தத் திசையிலேயே வெளியேறு. நீருக்குள் தலைகீழாகத் தொங்கும்போது மேல் எது கீழ் எது என்று மனத்துக்குத் தெரியாது. பிடித்திருக்கும் கைக்குத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டும் இதைச் செய்யச் சொல்வார்கள்.

கூட்டுவேலையைப் பற்றிப் பேசும்போது நம் ஊர் வழக்கம் ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரியவர் முன்னால் வாய் திறக்காமல் இருப்பதை நாம் மரியாதை என்கிறோம். வீட்டில் அது அழகாக இருக்கலாம், விமானி அறையில் அது ஆளைக் கொல்லும். 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகருக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. கேப்டன் சக்கரத்தின் கோளாறிலேயே மூழ்கியிருந்தார். எரிபொருள் குறைகிறது என்பது மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தும் அதை அவர் மனத்தில் தைக்கும்படி சொல்லவில்லை. 10 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், விமானி அறையில் யார் எப்படிப் பேச வேண்டும், பெரியவர் எப்படிக் காது கொடுக்க வேண்டும் என்பது தனிப் பாடமாக வளர்ந்தது. இன்று பின்னிருக்கையில் இருக்கும் கடைநிலை வீரன் "சார், வலப்பக்கம் கம்பி!" என்று கத்தினால், முன்னால் இருப்பவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் முதலில் ஹெலிகாப்டரைத் திருப்புவார், காரணத்தைப் பிறகுதான் கேட்பார். உங்கள் தம்பி கூச்சப்படும் பிள்ளையாக இருந்தால் இப்போதே சொல்லிவையுங்கள். அங்கே வாய் திறப்பதுதான் மரியாதை.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். கடவுள் காப்பாற்றினாரா?

தப்பித்தவர் அப்படிச் சொல்லும்போது நான் மறுத்துப் பேசியதே இல்லை. மரணத்தின் வாசலிலிருந்து திரும்பியவரின் நன்றி அது. அதில் தலையிட யாருக்கும் உரிமை இல்லை. சியாச்சின் அடிவார முகாமில் ஓபி பாபா கோயில் இருக்கிறது. பனிமலையில் காவல் நின்று மறைந்த ஒரு படைவீரரை அங்கே காவல் தெய்வமாக வணங்குகிறார்கள். மேலே போகும் வீரர்கள் அவரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள், இறங்கி வந்ததும் வந்துவிட்டேன் என்று சொல்கிறார்கள். நம் கிராமத்து எல்லையில் ஐயனாரிடம் சொல்லிவிட்டு ஊரை விட்டுக் கிளம்பும் அதே மனசு. அந்தப் பனிமலைக்குச் சாமான் கொண்டுபோவது சீட்டா என்ற ஒற்றை இயந்திர ஹெலிகாப்டர். மெல்லிய காற்றில் சில கிலோ எடைக்கும் கணக்குப் பார்த்து ஏற வேண்டிய உயரம். அங்கே கும்பிட்டுவிட்டுப் போகிற விமானி, போவதற்கு முன் எடையைக் கூட்டிப் பார்க்காமல் விட்டதில்லை. அவருக்கு அவை இரண்டு வேலையாகத் தோன்றுவதும் இல்லை.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியாது. பிழைத்தவர்களின் பக்தி பெரியது, அதனால் பிழைத்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15 அன்று மறைந்தார். மலைப்பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்து, விமானிக்குத் திசையுணர்வு குழம்பியதே காரணம் என்று விமானப்படையின் விசாரணை சொன்னது. அந்தப் பதினான்கு பேரில் பயிற்சி குறைந்தவர் யார்? வீட்டுப் பூஜையறையில் விளக்கு எரியாதவர் யார்? அவர்களுடைய பிள்ளைகள் படித்தால் மனம் நோகும் எதையும் நம்பிக்கையின் பெயரால் நாம் சொல்லக் கூடாது.

அப்படியானால் நம்பிக்கைக்கு அங்கே வேலையே இல்லையா? இருக்கிறது, நிறைய இருக்கிறது. நம் மொழி இதை எனக்கு எளிதாக்கித் தருகிறது. கடவுளிடம் வைப்பதையும் பக்கத்தில் இருப்பவனிடம் வைப்பதையும் தமிழ் ஒரே சொல்லால்தான் சொல்கிறது: நம்பிக்கை. அதிகாலையில் விமானி வருவார். பராமரிப்புப் பதிவேட்டைத் திறப்பார். முந்தின இரவு யார் எதைக் கழற்றினார், யார் பூட்டினார், யார் சரிபார்த்தார் என்று வரிசையாகக் கையெழுத்துகள் இருக்கும். கடைசியில் அவர் தன் கையெழுத்தைப் போடுவார். அதன் பொருள், இந்த இயந்திரத்தை நான் ஏற்றுக்கொண்டேன் என்பது. இறக்கைகளைப் பிடித்திருக்கும் மையத் தண்டை அவர் சுற்றிவந்து பார்ப்பார், ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரங்களை அவரால் பார்க்க முடியாது. அங்கே என் கண்தான் அவர் கண். பார்க்காத ஒன்றின் மேல் உயிரை வைத்து ஏறுகிறார். கோயிலில் அவர் கும்பிடுவதற்கும் இதற்கும் நான் வேறுபாடு கண்டதில்லை.

இரவு இரண்டு மணிக்கு, தூக்கம் கண்ணை அழுத்தும் நேரத்தில், இறுக்கிவிட்ட திருகாணியைச் சந்தேகத்தின் பேரில் மறுபடியும் கழற்றி, முதலிலிருந்து அளந்து இறுக்கியிருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை. காலையில் ஏறப்போகிறவரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது, அவ்வளவுதான். ஆயுத பூஜையன்று கருவிப்பெட்டிக்குச் சந்தனம் வைக்கும்போதும் அந்த முகங்கள்தான் எனக்குத் தெரியும்.

பிரார்த்தனையின் இடத்தைச் சொல்கிறேன் என்றேனே. பறப்பதற்கு முன் அது மனத்தை அடக்குகிறது. அடங்கிய மனத்தில்தான் பயிற்சி நிற்கும், பதறியவனுக்குக் கற்றது எதுவும் கைக்கு வராது. வந்து இறங்கிய பிறகு அது நன்றி. நடுவில் இருக்கும் அந்தச் சில நொடிகளில் கைதான் பேச வேண்டும். லாலெஸ் கதவைக் கழற்றிய கை, மிதிகட்டை இருப்பதாக எண்ணி டக்வொர்த் அழுத்திய அழுத்தம், துணை ஹெலிகாப்டரை இறக்கியவரின் கை. அவர்கள் அந்த நேரத்தில் கடவுளை நினைத்தார்களா என்பது அவர்களுக்கும் அவருக்கும் இடையில் உள்ளது.

அம்மா விளக்கேற்றுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். தம்பி முதல் விடுமுறைக்கு வரும்போது, அவனுடைய ஹெலிகாப்டருக்கு இரவில் வேலை பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் யார் என்று மட்டும் கேளுங்கள். நல்ல படையாளாக வளர்ந்திருந்தால் பெயரையும் ஊரையும் பிள்ளைகள் எத்தனை என்பதையும் சேர்த்துச் சொல்வான். அந்தப் பெயரையும் அம்மா தன் வேண்டுதலில் சேர்த்துக்கொள்ளட்டும்.